"பாலூத்திப் படுக்கவச்சேன்": பாட்டியின் தாலாட்டுக்கு என்னதான் அர்த்தம்?

ரவாங்_பேத்தி · சனி, இரவு 10:14

எல்லாருக்கும் வணக்கம். கோலாலம்பூர் செந்தூல் வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். மாமாவின் பிஸ்கட் டின்னுக்குள் ஒரு கேசட் கிடைத்தது. மேலே பேனாவால் "அம்மா பாட்டு 1991" என்று எழுதியிருக்கிறது. அக்காவுக்குப் பெயர் வைத்த அன்று பாட்டி தொட்டிலை ஆட்டிக்கொண்டே பாடியதை மாமா பதிவு செய்திருக்கிறார். பாட்டி 2003இல் இறந்துவிட்டார். அவர் குரலை நான் மறந்தே போயிருந்தேன்.

பக்கத்து வீட்டில் டேப்ரெக்கார்டர் வாங்கிவந்து போட்டோம். இரண்டாவது அடி முடிவதற்குள் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். "சின்னதுல இதப் பாடித்தான் என்னத் தூங்க வைக்கும்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. என் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன்:

ஆராரோ ஆரிரரோ
கண்ணே நீ ஒறங்கு
விடியாத நேரத்துல
வெளக்கேந்திப் போறேன்டா

மங்குல பால் நெறஞ்சா
மாடத்துல வெளக்கெரியும்
மங்கு கவுந்திருச்சே
மகனே நீ ஒறங்கு

கித்தாக் காட்டுக்குள்ள
கெழக்கால போன வண்டி
ஒங்க மாமன ஏத்திக்கிட்டு
ஊதாமப் போனதென்ன

பாலூத்திப் படுக்கவச்சேன்
பச்சத் துணி போத்திவச்சேன்
எந்திரிச்சு அழுதியின்னா
ஏன்னு கேக்க ஆளு இல்ல

கடைசி நாலு வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. இதைப் பாடியா பிள்ளையைத் தூங்க வைப்பார்கள்? பாட்டி ரவாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், 1924இல் பிறந்தவர். அம்மா 1948, வீட்டுக்கு மூத்த பிள்ளை.

நிலாப்பெண்23 · சனி, இரவு 10:51

அக்கா, படித்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. "பாலூத்திப் படுக்கவச்சேன்" என்றால் கள்ளிப்பால்தானே? பிள்ளைக்குக் கள்ளிப்பால் கொடுத்துத் துணியால் மூடிவிட்டுப் பாடுவது போல இருக்கிறது. "எந்திரிச்சு அழுதியின்னா" என்ற வரி அப்படியே பொருந்துகிறது. ஒரு கொலைகாரத் தாயின் பாட்டு!

தண்ணீர்மலையான் · ஞாயிறு, காலை 6:20

தங்கச்சி, கொஞ்சம் பொறுங்கள். கள்ளிப்பால் என்றதும் நம் எல்லாருக்கும் உசிலம்பட்டி நினைவுக்கு வருகிறது. 1980களில் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் எழுதி எழுதி அந்தச் செய்தி நம் மண்டையில் ஏறிவிட்டது. அங்கே செத்தவை பெண் குழந்தைகள். இந்தப் பாட்டில் "மகனே" என்று இருக்கிறது. கள்ளி என்ற சொல்லோ பாட்டில் எங்கேயும் இல்லை, அதைக் கொண்டுவந்தது நாம்தான்.

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். என் காதில் அந்த வரி வேறு மாதிரி விழுகிறது. "பால் ஊத்தியாச்சு" என்றால் நம் வீடுகளில் என்ன அர்த்தம்? உயிர் பிரியப் போகும் நேரத்தில் உறவுக்காரர்கள் ஆளுக்கு ஒரு சொட்டு வாயில் விடுவார்கள். புதைத்த மறுநாள் குழி மேலும் பால் ஊற்றுவார்கள். "அவனுக்குப் பாலூத்த" என்பதை நாம் வசவாகவே வைத்திருக்கிறோம். அடுத்தது "படுக்கவச்சேன்", அதற்கடுத்து "துணி போத்திவச்சேன்". பிள்ளை இறந்தால் எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். இந்த மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். என்னைக் கேட்டால் இது தாலாட்டு மெட்டில் வந்த ஒப்பாரி. இரண்டையும் பாடுவது அதே பெண்கள்தான், அதே நெஞ்சுதான். மெட்டு இங்கிருந்து அங்கே போவதற்கு ஒரு நிமிடம் போதும்.

கித்தாக்காடு · ஞாயிறு, காலை 8:05

பசியாறிவிட்டு உட்கார்ந்தேன், இந்த இழை கண்ணில் பட்டது. வாத்தியார் ஐயாவுக்கு மரியாதையோடு ஒன்று சொல்கிறேன். நான் தோட்டத்தில் பிறந்தவன், அப்புறம் அதே தோட்டத்தில் கிராணியாக (கணக்கராக) இருந்தவன். எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) "பால்" என்றால் முதலில் நினைவுக்கு வருவது மாட்டுப்பால் இல்லை, கித்தாப்பால்தான், அதாவது ரப்பர்ப் பால். "இன்னிக்குப் பால் எவ்வளவு?" என்று கேட்டால் எத்தனை கேலன் என்றுதான் பதில் வரும்.

இப்போது பாட்டைத் திரும்பப் படியுங்கள். விடியாத நேரத்தில் விளக்கேந்திப் போகிறாள், பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு. வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். மங்கு என்றால் மரத்தில் கட்டும் கிண்ணம். மங்கு நிறைந்தால் கூலி உண்டு, கூலி இருந்தால் மாடத்தில் விளக்கு எரியும். பாட்டு தெளிவாகத்தான் இருக்கிறது.

"பாலூத்திப் படுக்கவச்சேன்" என்பதைக் கேட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. காண்டாவில் (தோளில் சுமக்கும் கம்பில்) இரண்டு வாளி சுமந்துவந்து, ஸ்டோர் தொட்டியில் பாலை ஊற்றி, அமிலம் கலந்து உறைய வைப்போம். உறைந்து படிந்ததை உருட்டிப் பிழிந்து தகடாக்குவோம். வேலைக்காரி தன் நாள் முழுவதையும் பிள்ளையிடம் சொல்லிப் பாடுகிறாள். பாலை ஊற்றினேன், படுக்க வைத்தேன். ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வந்த பிள்ளை அழுதால் ஏன் என்று கேட்க யார் இருக்கிறார்கள்? நாற்பது பிள்ளைக்கு ஒரு ஆயா. இதில் சாவு எங்கே வந்தது?

தண்ணீர்மலையான் · ஞாயிறு, காலை 8:31

அப்படியானால் "மங்கு கவுந்திருச்சே"?

கித்தாக்காடு · ஞாயிறு, காலை 9:12

கேட்டீர்களே ஒரு கேள்வி! கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிவரும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். மழை பெய்தாலோ, மரம் இலை கொட்டும் காலத்திலோ வெட்டு நிற்கும். அப்போது மங்கைக் கவிழ்த்து வைப்போம். ஆகவே மங்கு கவிழ்ந்தது என்றால் வேலை இல்லை என்று அர்த்தம்.

ஆனால் முதல் நாலு வரியில் விளக்கேந்திப் போகிறாள். வேலை இல்லாத நாளில் விடியுமுன் விளக்கோடு எங்கே போகிறாள்? இந்த இடத்தில் நான் சொன்னது கொஞ்சம் ஆட்டம் காண்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

பட்டர்வொர்த்_பையன் · ஞாயிறு, பகல் 1:40

கித்தாக்காடு ஐயா, வெட்டு ஒரு மாதம் இரண்டு மாதம் நிற்காமல் வருடக்கணக்கில் நின்ற காலமும் இருந்ததே. ஜப்பான்காரன் காலம். கோலாலம்பூர் அவன் கைக்குப் போனது 1942 ஜனவரி 11. கப்பல் இல்லை, வாங்க ஆள் இல்லை, ரப்பருக்கு விலை இல்லை. மங்கு எல்லாம் கவிழ்ந்தே கிடந்தது. காட்டை வெட்டி மரவள்ளி நட்டார்கள்.

அடுத்த கண்ணியில் வண்டி வருகிறது. மாமனை ஏற்றிக்கொண்டு ஊதாமல் போன வண்டி. இதற்கு மேல் என்ன வேண்டும்? சயாம் ரயில், ஜப்பான்காரன் போட்ட சயாம்–பர்மா பாதை. சயாமின் (இன்றைய தாய்லாந்து) பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர், 1942இல் ஆரம்பித்து 1943 அக்டோபரில் இரண்டு முனையையும் சேர்த்துவிட்டார்கள். நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) கூலி என்று ஆசை காட்டினார்கள், ஆள் சேராதபோது கிடைத்தவர்களைப் பிடித்து ஏற்றினார்கள். தோட்டத்துத் தமிழர்கள் போன சரக்கு வண்டிகள் ரவாங் வழியாகத்தான் வடக்கே போயிருக்கும். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 90,000 பேர் வரை இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. தாய்லாந்தின் காஞ்சனாபுரியில் வெள்ளைக்காரக் கைதிகளுக்கு வரிசை வரிசையாக ஏறத்தாழ 7,000 கல்லறைகள் இருக்கின்றன, பெயரோடு. நான் போய்ப் பார்த்திருக்கிறேன். நம் ஆட்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு கல் கூட இல்லை.

எனக்கு இடிக்கிறது ஒரே சொல்தான்: "கெழக்கால". வண்டி போனது வடக்கே அல்லவா?

தண்ணீர்மலையான் · ஞாயிறு, பகல் 2:15

அது மோனை, தம்பி. "கித்தா" என்று எடுத்தால் அடுத்த அடி "கெ" என்று வரத்தான் செய்யும். பாட்டுக்காரிக்குத் திசைகாட்டியை விடக் காது முக்கியம். மலாயாவின் கிழக்குக்கரை ரயில் பாதையின் தண்டவாளத்தில் பெரும்பகுதியை ஜப்பானியர்கள் பெயர்த்து சயாம் ரயிலுக்கே கொண்டுபோய்விட்டார்கள், அதனால் கிழக்கே போன வண்டி என்று நிஜமாகத் தேடினால் கிடைக்காது.

பிரிக்பீல்ட்ஸ்_பித்தன் · ஞாயிறு, பகல் 3:02

ரயில் என்றாலே சயாம்தானா? நேதாஜி 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த பிறகு இந்திய தேசிய ராணுவத்தில் எத்தனை தோட்டத்துப் பிள்ளைகள் சேர்ந்தார்கள்! ஜான்சிராணிப் படையில் பால்மரம் வெட்டிய பெண்களே இருந்தார்கள். அவர்களும் ரயிலேறி வடக்கேதான் போனார்கள். மாமன் வீரனாகக்கூட இருக்கலாமே. ஏன் எல்லாப் பாட்டிலும் நம் ஆள் செத்துக்கொண்டே இருக்க வேண்டும்?

கித்தாக்காடு · ஞாயிறு, பகல் 3:20

பித்தன், உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் படைக்குப் போனவனுக்கு மாலை போட்டு, கோஷம் போட்டு அனுப்புவார்கள். "ஊதாமப் போனதென்ன" என்று பாடமாட்டார்கள். ரயில் ஊதவில்லை என்றால் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டான் என்று அர்த்தம்.

இன்னொன்று. தாலாட்டில் மாமன் வந்தால் என்ன செய்வான்? சீர் கொண்டுவருவான், காப்பு கொண்டுவருவான், தொட்டில் கட்டுவான். கேட்கிற பிள்ளைக்கு அது தெரியும், பாடுகிறவளுக்கும் தெரியும். இந்தப் பாட்டில் மாமன் ஒன்றும் கொண்டுவரவில்லை. எனக்கு மற்ற வரிகளை விட இதுதான் வலிக்கிறது.

ரவாங் பேத்தி, உங்கள் பாட்டிக்கு அண்ணன் தம்பி யாராவது உண்டா?

ரவாங்_பேத்தி · ஞாயிறு, மாலை 6:47

அம்மாவிடம் கேட்டேன் ஐயா. "அப்படி யாரும் இல்லையே" என்றார். பாட்டிக்கு ஒரே ஒரு தங்கை, பட்டர்வொர்த்தில் மகன் வீட்டில் இருக்கிறார். பாட்டியை விட பன்னிரண்டு வயது சின்னவர்.

ஒலிநாடா · ஞாயிறு, இரவு 9:30

பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றுவது எனக்குப் பொழுதுபோக்கு. அக்கா புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பிய பதிவை எட்டுப் பத்து முறை கேட்டேன், வேகத்தைக் குறைத்தும் கேட்டேன். நாடா இழுபட்டிருக்கிறது, குரல் ஒரு சுருதி இறங்கி வருகிறது. நடுவில் யாரோ தம்ளரைக் கீழே வைக்கிறார்கள்.

எனக்கு "பச்சத் துணி" என்று கேட்கவில்லை. அந்த இடத்தில் தெளிவாக ஒரு "சா" இருக்கிறது. "சாக்குத் துணி" என்று நினைக்கிறேன். முதல் எழுத்தின் மேல் தொட்டில் சங்கிலி கிறீச்சிடுகிறது, அதுதான் தொல்லை.

பட்டர்வொர்த்_பையன் · ஞாயிறு, இரவு 9:44

சாக்கு! ஜப்பான் காலத்தில் துணிக்குப் பஞ்சம் வந்து சாக்கை வெட்டி உடுத்தினார்கள் என்று என் தாத்தாவும் சொல்வார். செத்தவர்களையும் சாக்கில் சுற்றித்தான் புதைத்தார்களாம்.

தண்ணீர்மலையான் · ஞாயிறு, இரவு 10:10

மன்னிக்கவும், ஒத்துக்கொள்ள மாட்டேன். பாட்டு முழுக்க மோனை பிசகவே இல்லை. விடியாத – வெளக்கேந்தி. மங்குல – மாடத்துல. கித்தா – கெழக்கால. ஒங்க – ஊதாம. எந்திரிச்சு – ஏன்னு. இவ்வளவு சுத்தமான காது உள்ளவர் "பாலூத்தி" என்று எடுத்துவிட்டு "சாக்கு" என்று போட்டிருப்பாரா? "ப" வந்தே ஆக வேண்டும். "பச்சத் துணி"தான்.

ஒலிநாடா · ஞாயிறு, இரவு 10:13

சார், மோனை உங்கள் பக்கம், நாடா என் பக்கம். "சா" இருக்கிறது. வேண்டுமானால் சத்தியம் செய்கிறேன்.

நிலாப்பெண்23 · திங்கள், பகல் 12:35

கள்ளிப்பாலுக்கு வாங்கிய திட்டு போதும், ஆனாலும் ஒன்று கேட்டே ஆக வேண்டும். 1991இல் தொட்டிலில் இருந்தது அக்காவின் அக்கா. பெண் குழந்தை. இதைப் பாடித் தூங்க வைக்கப்பட்டது அக்காவின் அம்மா. அவரும் பெண். அப்புறம் ஏன் "மகனே"?

பிரிக்பீல்ட்ஸ்_பித்தன் · திங்கள், பகல் 12:50

அட, என் அம்மா என் தங்கையையே "வாடா ராஜா" என்பார். பெண் பிள்ளையை "டா" போட்டுக் கொஞ்சுவது நமக்குப் புதிதா?

நிலாப்பெண்23 · திங்கள், பகல் 12:58

"டா" சரி. "ராஜா" சரி. "மகனே" என்று யாராவது மகளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்களா?

தண்ணீர்மலையான் · திங்கள், பகல் 1:30

நல்ல கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

பிரிக்பீல்ட்ஸ்_பித்தன் · திங்கள், மாலை 5:15

நான் நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒரு வயதான அம்மா அடுப்படிக்கு எழுந்து போயிருக்கிறார். நாம் இங்கே உட்கார்ந்து பிள்ளை செத்ததா, யார் புதைத்தார்கள் என்று துப்பறிந்துகொண்டிருக்கிறோம். அந்தப் பாட்டி இதை விளக்கிச் சொல்ல நினைத்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாரா? பன்னிரண்டு வருடம் அதே வீட்டில் கேசட்டும் இருந்தது, பாட்டியும் இருந்தார். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. விட்டுவிடலாமே.

கித்தாக்காடு · திங்கள், மாலை 5:40

சொல்ல விருப்பமில்லாதவர் பேத்தியின் தொட்டிலில் பாடுவானேன், அதுவும் மகன் கேசட்டில் பிடித்துக்கொண்டிருக்கும்போது? எங்கள் லயத்துப் பெண்கள் வாய்விட்டுச் சொல்லாததை எல்லாம் பாட்டில்தான் போட்டார்கள். தண்டலை, அதாவது வேலை மேற்பார்ப்பவனைத் திட்டுவதாக இருந்தால்கூட நாற்று நடும் பாட்டில் வைத்துத் திட்டுவார்கள். தண்டல் தலையாட்டிக்கொண்டே கேட்பான்.

நடுவர் · திங்கள், மாலை 6:02

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. இழையைத் தொடங்கியவர் வேண்டாம் என்றால் பூட்டிவிடுகிறேன். அதுவரை திறந்திருக்கட்டும்.

ரவாங்_பேத்தி · அடுத்த ஞாயிறு, இரவு 11:20

பூட்ட வேண்டாம். பித்தன் அண்ணே, நீங்கள் சொன்னதை நினைத்து இரண்டு நாள் போகாமலே இருந்தேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை காலை ரயிலில் பட்டர்வொர்த் போனேன். நாலு மணி நேரம். ரவாங்கைத் தாண்டும்போது எழுந்து நின்று பார்த்தேன், தோட்டம் எதுவும் இல்லை, எல்லாம் வீடுகள்.

சின்னப்பாட்டிக்கு எண்பத்தெட்டு வயது. காது மந்தம், ஞாபகம் மந்தம் இல்லை. கைப்பேசியை எடுத்ததும் "அதெல்லாம் வேணாம், உள்ள வை" என்றார். ஆகவே ஒலிநாடாவுக்குப் பதிவு கிடையாது. காதில் வாங்கியதை ரயிலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன்.

நான் பாடிக்காட்டினேன். கடைசிக் கண்ணி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பச்சத் துணியா? எவ சொன்னா? பழஞ்சாக்கு. பாலூத்திப் படுக்கவச்சேன், பழஞ்சாக்கு போத்திவச்சேன்."

வாத்தியார் ஐயாவின் "ப"வும் இருக்கிறது, ஒலிநாடாவின் "சா"வும் இருக்கிறது! எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாகவே இருந்தது, உங்கள் எல்லாரிடமும் உடனே சொல்ல வேண்டும் போல. அப்புறம் கேட்டேன், சாக்கு என்றால் செத்தவர்களைச் சுற்றுவதா என்று. அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். "நான் போத்திக்கிட்டதும் சாக்குத்தான், கட்டிக்கிட்டதும் சாக்குத்தான். உசுரோட இருக்கறவளுக்கு மட்டும் பட்டா வந்துச்சு?"

பால் எந்தப் பால் என்று கேட்டேன். தாய்ப்பாலா, கித்தாப்பாலா, சாவுக்கு ஊற்றும் பாலா என்று நம் இழையில் வந்த எல்லாவற்றையும் சொன்னேன். பல்லில்லாத வாயால் சிரித்தார்.

"அப்ப ஏதுடி பாலு? மரவள்ளி அவிச்ச தண்ணி. அதத்தான் பாலுன்னு சொல்லிக் குடுப்பா எங்கக்கா. நானும் பாலுன்னே குடிப்பேன்."

சின்னப்பாட்டிக்கு அப்போது ஆறேழு வயது. பசியில் தூக்கம் வராத இரவுகளில் அவருக்காகத்தான் பாட்டி இதைப் பாடியிருக்கிறார். விடியாத நேரத்தில் விளக்கோடு போனதும் பெரட்டுக்கு இல்லையாம். துரை ஓடிப்போன பிறகு யாருடையது என்று தெரியாத மரவள்ளிக் கொல்லைக்கு. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மாமனைப் பற்றி அவரே சொன்னார். "அண்ணன்னு ஒருத்தன் இருந்தான். கள்ளுக்கடைக்குப் போனவன் வீட்டுக்கு வரல. வண்டியில ஏத்திட்டாங்கன்னு ஆளு வந்து சொல்லுச்சு." பெயர் கேட்டேன். சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது நிலாப்பெண்ணின் கேள்வி நினைவுக்கு வந்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, ஏதோ சும்மா கேட்பது போலக் கேட்டேன். "உங்களுக்குப் பாடினதுன்னா ஏன் சின்னப்பாட்டி மகனேன்னு வருது?"

"எங்க வருது?"

"மங்கு கவுந்திருச்சே, மகனே நீ ஒறங்கு."

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எனக்குப் பாடறப்ப மயிலேன்னுதான் பாடுவா" என்றார். "மங்கு கவுந்திருச்சே, மயிலே நீ ஒறங்கு. மகனேன்னு எப்ப மாத்துனா?"

என்னிடம்தான் கேட்டார்.

முதல் பதிவில் கடைசிக் கண்ணியைப் பழஞ்சாக்கு என்று திருத்திக்கொள்ளுங்கள், எனக்குத் திருத்தும் வசதி இப்போது இல்லை. மகனே என்பதை அப்படியே விட்டுவிடுங்கள், நாடாவில் அப்படித்தான் இருக்கிறது.

அம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.